குதிரையா, கருவேலமா? கோடியக்கரையில் ஒரு வெளிமான் ஆய்வு

பின்னணி

முதுகலை விலங்கியல் மாணவி ஒருவர் தம் கடைசிக் கல்லூரிப் பருவத்தில் (செமஸ்டரில்) கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தில் செய்த கள ஆய்வைப் பற்றிய பதிவு இது. திறந்த புல்வெளியில் மேயும் வெளிமான் சில இடங்களில் குறைவாகத் தெரிவது மட்டக்குதிரைகளாலா, பரவிவரும் சீமைக்கருவேல மரத்தாலா என்ற கேள்வியில் அது வந்து நின்றது. அவருக்கு வழிகாட்டிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். மாணவி, அவருடன் காட்டுக்குள் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், வனத்துறை அலுவலர்கள், கல்லூரி என யார் பெயரையும் இங்கே தரவில்லை. ஆய்வில் கிடைத்த எண்களையும் தவிர்த்திருக்கிறேன். ஒரு பருவத்துக்குள் முடிந்த சிறிய ஆய்வின் எண்களைத் தனியே எடுத்துச் சொன்னால் அவற்றுக்கு இல்லாத கனம் வந்துவிடும். இங்கே சொல்ல வேண்டியது, அந்த மாணவி எந்த வழியில் யோசித்து எங்கே வந்து சேர்ந்தார் என்பதுதான்.

அவர் டெல்டாப் பகுதிக்காரர். வெளிமானை முதலில் பார்த்ததே கோடியக்கரையில்தான், பள்ளி நாட்களில். தமிழ்நாட்டில் வெளிமான் மிஞ்சியிருக்கும் இடங்கள் சிலவே: கோடியக்கரை, சென்னையில் கிண்டி, தூத்துக்குடிப் பக்கம் வல்லநாடு, சத்தியமங்கலம் - மோயாறு பகுதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பைத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. தன் ஊர்ப் பக்கத்தில் இப்படி ஒரு விலங்கு இருக்கிறது என்ற பெருமையும், அது குறைந்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்துதான் அவரை இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்தன. அந்தப் பற்று இல்லாவிட்டால் சேற்றிலும் வெயிலிலும் அவர் அத்தனை நேரம் நின்றிருக்க மாட்டார். ஆனால் ஆய்வின் தொடக்கத்தில் விடையை முன்கூட்டியே முடிவு செய்ய வைத்ததும் அதே பற்றுதான்.

இடம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே, வடக்கிலிருந்து தெற்காக வரும் கடற்கரை மேற்காகத் திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைக்காகவும் வலசைப் பறவைகளுக்காகவும் வருபவர்களே அதிகம். நிலப்பகுதியில் பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைமாறாக் காடு, அதை ஒட்டித் திறந்த புல்வெளி, அப்புறம் உப்பு படிந்த சதுப்பு. வடகிழக்குப் பருவமழையில் புல்வெளியின் தாழ்ந்த பகுதிகள் தண்ணீரில் நிற்கும். மார்கழி, தை மாதங்களில் புல் செழித்திருக்கும். சித்திரை, வைகாசியில் அதே இடம் காய்ந்து வெளுத்துவிடும். நல்ல தண்ணீர் சில குட்டைகளில்தான் மிஞ்சும். ஆண்டின் இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இந்தப் புல்வெளியில் வெளிமானோடு மேய்வன புள்ளிமான், பக்கத்து ஊர்களின் மாடுகள், மட்டக்குதிரைகள். குதிரைகள் எப்போதோ மனிதர்கள் விட்டுப்போன வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை. இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டிலேயே பிறந்து வாழ்கின்றன. இன்னொரு வந்தேறி சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரம், விறகுக்காகப் பரப்பப்பட்டு, பிறகு யார் தயவும் இல்லாமல் தானே பரவியது. கோடியக்கரையில் புல்வெளியின் ஓரங்களிலிருந்து உள்ளே ஏறிக்கொண்டே வருகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டை உலுக்கிவிட்டுப் போனது. மரங்கள் சாய்ந்தன, விலங்குகள் இறந்தன. நான் சொல்லும் ஆய்வு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது. புயலுக்கு முந்தைய கணக்கெடுப்புகளோடு எங்கள் தரவை ஒப்பிட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். மானின் எண்ணிக்கை மாறியிருந்தால் காரணம் புயலா, குதிரையா, மரமா என்று பிரிக்க வழியே இருக்காது.

தலைப்பிலேயே இருந்த விடை

மாணவி எழுதிக் கொண்டுவந்த முன்மொழிவின் தலைப்பு, ‘மட்டக்குதிரைகளால் வெளிமானுக்கு ஏற்படும் பாதிப்பு’. படிக்க நன்றாகவே இருந்தது. குதிரை உடல் பெரியது, நாள் முழுக்க மேய்கிறது, மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் வெட்டுப்பற்கள் இருப்பதால் புல்லைத் தரையோடு கடித்துவிடும். வெளிமான் சிறியது, அசைபோடும் விலங்கு, இளம் புல்லைத் தேடித் தின்பது. இரண்டும் ஒரே வெளியில் மேய்ந்தால் பெரியது சிறியதைப் பட்டினி போடும் என்று நினைப்பது இயல்பு. கோடியக்கரையில் இவ்விரண்டும் உணவிலும் மேயும் இடத்திலும் பெரிதும் ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆய்வும் முன்பே வெளிவந்திருந்தது.

நாங்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “குதிரையால் பாதிப்பு இல்லை என்றால் களத்தில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?” அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு வாய்ப்பு அவர் முன்மொழிவில் எங்குமே இல்லை. மானும் குதிரையும் சேர்ந்து நின்றால் போட்டி, தனித்தனியே நின்றால் குதிரை மானைத் துரத்திவிட்டது என்று எழுதியிருந்தார். எதைப் பார்த்தாலும் குதிரைதான் குற்றவாளி.

இது இந்த மாணவியிடம் மட்டும் இருக்கும் பழக்கமல்ல. அமெரிக்க நிலவியலாளர் டி. சி. சேம்பர்லின் 1890-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே ஒரு கருதுகோளை வளர்ப்பவர் அதன்மேல் பெற்றவர் பாசம் வைத்துவிடுவார். அதனால் ஒரே நேரத்தில் பல கருதுகோள்களை எதிரெதிரே நிறுத்தி வேலை செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். மாணவிக்கு அந்தக் கட்டுரையைக் கொடுத்தோம். படித்துவிட்டு வந்து தலைப்பை மாற்றினார்: ‘கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான், மட்டக்குதிரை இவற்றின் இடப் பயன்பாடு’. முன்பிருந்த வேகம் அதில் இல்லை என்று அவருக்கு வருத்தம். என்னைக் கேட்டால், அந்த ஆய்வு அன்றைக்குத்தான் தொடங்கியது.

முதலில் கண்டவை

வனத்துறை அனுமதி வந்த பிறகு டிசம்பரில் களவேலை தொடங்கியது. புல்வெளியின் குறுக்கே நடக்க நிலையான பாதைகளை வகுத்துக்கொண்டோம். காலையிலும் மாலையிலும் மாணவி அந்தப் பாதைகளில் நடந்து, எந்த விலங்கு எங்கே, எத்தனை, என்ன செய்துகொண்டிருக்கிறது, காலடியில் புல்லின் உயரம் எவ்வளவு, சுற்றிலும் மரம் எவ்வளவு அடர்த்தி என்று எழுதினார். பைனாகுலரும் தூரம் அளக்கும் கருவியும் கல்லூரியில் இருந்தன. நேரடிப் பார்வையோடு புழுக்கையையும் லத்தியையும் எண்ணுவதாகத் திட்டம்; விலங்கு கண்ணில் படாத நேரத்திலும் அது வந்துபோன இடத்தை அவை சொல்லும்.

முதல் சில வாரங்களின் தரவு அவர் எதிர்பார்த்தபடியே இருந்தது. குதிரை அதிகம் தென்பட்ட பகுதிகளில் வெளிமான் குறைவு. கணினியில் புள்ளிகளைப் போட்டு எங்களுக்கு அனுப்பியபோது, முதலில் நினைத்ததே சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சி அந்தச் செய்தியில் தெரிந்தது.

அந்த வாரம் அவருடன் நடந்த காவலரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகளாக அந்தக் காட்டிலேயே வேலை பார்ப்பவர் அவர். குதிரை நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்ற எடம் அத்தனையும் கருவ அண்டுன எடம் பாப்பா. குதிரை இல்லாத காலத்துலயும் அங்க மான் நிக்காது. முள்ளுக்குள்ள நின்னா அதுக்கு நரி வர்றது தெரியாதுல்ல” என்றார். மாணவி அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி அன்றிரவே எனக்கும் அனுப்பினார். காவலர் சொன்னது விடை என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. குதிரைக்குச் சொன்ன விளக்கத்தைப் போலவே இதையும் சோதிக்க வேண்டும். ஆனால் சோதிக்கத் தகுந்த இரண்டாவது விளக்கம் கையில் கிடைத்துவிட்டது. அதைத் தந்தது அந்த நிலத்தை நன்கு அறிந்த ஒருவரின் அனுபவம். எங்கள் அறையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் அது வந்திருக்காது.

எதிரெதிரே நிறுத்திய விளக்கங்கள்

மறுநாள் மாணவியும் நாங்களும் உட்கார்ந்து, அதே தரவு வேறு எப்படியெல்லாம் வந்திருக்கக்கூடும் என்று எழுதினோம். குதிரை புல்லைத் தீர்த்துவிடுவதால் மான் விலகலாம். புல் போதுமான அளவு இருந்தும் குதிரை பக்கத்தில் வருவதே பிடிக்காமல் விலகலாம். மரம் அண்டிய இடத்தில் தூரப் பார்வை மறைவதால், ஓடித் தப்பிப் பழகிய வெளிமான் அதைத் தவிர்க்கலாம். குதிரைக்கு அந்த அச்சமில்லை, வெயிலில் நிழலும் கிடைக்கிறது. கருவேலத்தின் அடியில் புல்லே சரியாக வளராததால் மானுக்கு அங்கே வேலையில்லாமல் போகலாம்.

மாணவியே கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்: குதிரை மானுக்கு உதவவும் செய்யலாம். உயரமாக வளர்ந்து முரடாகிப்போன புல்லைக் குதிரை கடித்துவிட்டால் கீழிருந்து இளந்தளிர் வரும். அது வெளிமானுக்கு ஏற்றது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வெளிகளில் வரிக்குதிரை முன்னே போய் முரட்டுப் புல்லைத் தின்ன, பின்னால் மற்ற மேய்ச்சல் விலங்குகள் வருவதைப் பற்றிப் படித்திருந்தார். குதிரையின் செரிமானம் பெருங்குடல் பக்கம் நடப்பதால் சத்துக் குறைந்த நார்ப்புல்லையும் நிறையத் தின்று காலம் தள்ள முடியும். தான் குற்றம் சாட்டிய விலங்குக்குச் சாதகமான வாதத்தை அவரே எழுதியதைக் கண்டு எனக்கு நிறைவாக இருந்தது.

உணவு ஒத்துப்போவது வேறு, போட்டி வேறு என்ற தெளிவும் அன்றைய பேச்சில்தான் வந்தது. இரண்டு விலங்குகள் ஒரே புல்லைத் தின்றாலும் புல் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தால் யாரும் யாரையும் பாதிக்கவில்லை. பற்றாக்குறை வரும்போதுதான் அது போட்டியாகிறது. மார்கழியில் நிறைந்து கிடக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டு போட்டியைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

எடுத்த முடிவுகள்

நேர்வழி என்றால், புல்வெளியில் சில துண்டுகளை வேலியிட்டு, சிலவற்றில் குதிரையை மட்டும் தடுத்து, சிலவற்றில் கருவேலத்தை மட்டும் வெட்டி, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சரணாலயத்துக்குள் ஒரு மாணவர் ஆய்வுக்காக அதைக் கேட்பது முறையல்ல. முள்வேலியில் மான் மாட்டிக்கொண்டால் அந்த இழப்புக்கு எந்த ஆய்வேடும் ஈடாகாது. அதனால் வேலி என்ற யோசனையை அனுமதி கேட்கும் வரைகூடக் கொண்டுபோகவில்லை.

அதற்குப் பதில், நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுகளைப் பயன்படுத்தினோம். மரமில்லாத வெளியில் குதிரை வரும் இடம், வராத இடம். கருவேலம் அண்டிய பகுதியில் குதிரை வரும் இடம், வராத இடம் என நான்கு வகை. முதல் மூன்று வகைக்கு இடங்கள் கிடைத்தன. கருவேலம் இருந்து குதிரை வராத இடம் மட்டும் மிக அரிதாகவே அகப்பட்டது. அதுவே ஒரு செய்திதான்: இந்தக் காட்டில் குதிரையின் தடமும் மரத்தின் பரவலும் ஒட்டியே போகின்றன. அதனால்தான் ஒன்றின் விளைவு இன்னொன்றின் விளைவாகத் தெரிந்திருக்கிறது.

வனத்துறை முன்பே கருவேலத்தை அகற்றியிருந்த பகுதிகளை ஒப்பீட்டுக்கு எடுக்கலாம் என்று மாணவி ஆசைப்பட்டார். போய்ப் பார்த்தபோது அவை பெரும்பாலும் இயந்திரம் எளிதாகப் போகக்கூடிய, பாதையை ஒட்டிய இடங்கள். அங்கே மான் குறைவாக இருந்தால் வண்டி நடமாட்டத்தால் என்று சொல்லலாம், அதிகமாக இருந்தால் மரம் போனதால் என்று சொல்லலாம். எப்படி வந்தாலும் வளைத்துக்கொள்ளக்கூடிய ஒப்பீடு நமக்கு வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார். டிசம்பரில் இதே மாணவி அதை விட்டிருக்க மாட்டார்.

இன்னொரு முடிவு எண்ணிக்கையைப் பற்றியது. ஒரே புல்வெளித் துண்டில் நிறைய சதுரங்கள் போட்டு எண்ணினால் தரவு பெரிதாகத் தெரியும். உண்மையில் அது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளப்பதுதான். 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் தம் துறையின் ஆய்வுகளில் இந்தப் பிழை எவ்வளவு மலிந்திருக்கிறது என்று காட்டியதிலிருந்து இதைத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. சதுரங்களைக் குறைத்து, தனித்தனித் துண்டுகளைக் கூட்டினோம். நடை அதிகமானது, ஆய்வேட்டில் எழுதும் எண் சிறியதானது.

புழுக்கைக் குவியல் சொன்னது

ஜனவரியில் புழுக்கைக் கணக்கில் ஒரு முரண் தெரிந்தது. சில இடங்களில் நேரில் ஓரிரு மான்களே தென்படும். புழுக்கையோ குவிந்து கிடக்கும். பெரிய கூட்டம் மேயும் இடங்களில் அங்கங்கே சிதறித்தான் கிடக்கும். எண்ணிப் பெருக்கினால் ஆளில்லாத இடத்தில்தான் மான் அதிகம் என்று வரும்.

காரணம் வெளிமானின் வழக்கத்தில் இருக்கிறது. முதிர்ந்த கறுத்த ஆண், தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதற்குள் குறிப்பிட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். மற்ற ஆண்களுக்கு அது எல்லை அடையாளம். ஒரே ஓர் ஆணின் குவியல், ஒரு கூட்டமே தங்கிப்போனது போன்ற தோற்றத்தைத் தந்துவிடும். குதிரை லத்தியிலும் இதே சிக்கல் உண்டு. ஆண் குதிரைகளும் லத்தியைக் குவிக்கும்.

எனவே புழுக்கையை எண்ணிக்கைக்குச் சான்றாகக் கொள்வதை நிறுத்தினோம். இடத்தில் மான் வந்துபோகிறதா என்பதற்கு மட்டும் அது சான்று. எத்தனை மான் என்பதற்கு நேரடிப் பார்வை. ஏற்கெனவே எடுத்த புழுக்கைத் தரவைத் தூக்கிப் போடவில்லை. குவியல்களின் இடங்களைத் தனி வரைபடமாக்கி, ஆண்களின் எல்லைகளைக் காட்ட வைத்துக்கொண்டோம். அந்த வரைபடம் மார்ச் மாதத்தில் எதிர்பாராத வகையில் உதவியது.

தண்ணீர்க் குட்டையில்

பிப்ரவரி முடிவில் புல் மங்கத் தொடங்கியது. நடைப் பாதைகளோடு, குட்டைகளுக்கு எதிரே மறைவாக உட்கார்ந்து குறித்த இடைவெளியில் நோட்டமிடும் வேலையும் சேர்ந்தது. அங்கேதான் குதிரைக்கும் மானுக்கும் நேரடியாக என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தது.

குதிரைக் கூட்டம் தண்ணீருக்கு வந்தால் வெளிமான்கள் தலை தூக்கிப் பார்க்கும், மேய்வதை நிறுத்தும், சில முறை விலகி நடக்கும். குதிரை அவற்றை விரட்டியதைப் பார்த்தது அரிது. பெரும்பாலும் வருகையே போதுமானதாக இருந்தது. குதிரைகள் போன பிறகு மான்கள் திரும்பி வந்தன. சில நாட்களில் திரும்பவில்லை. அந்த நாட்களில் அவை வேறு இடத்தில் குடித்தனவா, குடிக்காமலே போயினவா என்பதைப் பின்தொடர எங்களிடம் ஆளில்லை.

மாணவிக்கு இது கடினமான கட்டம். முதலில் நினைத்த கருதுகோளைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டு சில வாரங்கள் ஆனபிறகு, அதற்குச் சாதகமான காட்சி கண்ணெதிரே வருகிறது. குதிரையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எதிர்ச் சாய்வும் அதற்குள் வந்திருந்தது என்று அவரே சொன்னார். விலகிய காட்சிகளைக் குறிப்பேட்டில் சுருக்கமாகவும், சேர்ந்து மேய்ந்தவற்றை விரிவாகவும் எழுதியிருப்பதைத் தானே கவனித்திருக்கிறார். அதற்குப் பிறகு, என்ன நடந்தாலும் ஒரே கட்டங்களை நிரப்பும்படி ஒரு படிவம் செய்துகொண்டார்: குதிரை வந்த நேரம், அப்போதிருந்த தூரம், மான் செய்தது, திரும்பிய நேரம். படிவம் சலிப்பூட்டும் பொருள்தான். ஆனால் மனச் சாய்வைத் திருத்திக்கொள் என்று அறிவுரை சொல்வதைவிட அது பலமடங்கு உதவுகிறது.

நெற்றும் லத்தியும்

மார்ச்சில் கருவேலம் நெற்று உதிர்க்கத் தொடங்கியது. இனிப்பான சதைப்பற்றுள்ள நெற்று. புல் காய்ந்த நேரத்தில் மேய்ச்சல் விலங்குகளுக்கு அது விருந்து. குதிரை தின்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குதிரை லத்தியில் முழு விதைகள் கிடந்தன. குதிரைதான் மரத்தைப் பரப்புகிறது, மரம்தான் மானை வெளியேற்றுகிறது என்று சங்கிலி அழகாகச் சேர்ந்து வந்தது. ஆய்வேட்டுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது என்று நாங்கள்கூட நினைத்தோம்.

அப்போது மாணவி தம் டிசம்பர் குறிப்புகளைத் திரும்பப் படித்தார். பருவமழை முடிந்த அந்த நாட்களில் வெளிமானின் பழைய புழுக்கைக் குவியல்கள் சிலவற்றில் சின்னச் சின்னச் செடிகள் முளைத்திருந்ததாக எழுதி, படமும் எடுத்திருந்தார். என்ன செடி என்று அன்று தெரியாததால் ‘இரட்டை இலை, முள்’ என்று மட்டும் குறிப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவற்றில் பல சீமைக்கருவேலக் கன்றுகள். குவியல் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போய்ப் பார்த்தார். சில கன்றுகள் உயிரோடு இருந்தன.

வெளிமானும் நெற்றைத் தின்கிறது. புழுக்கையோடு விதையும் ஒரே இடத்தில் குவிகிறது. அந்த இடம், ஆண் மான் தேர்ந்தெடுத்த திறந்த புல்வெளி. குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் இதைப் பற்றி ஆய்வாளர்கள் 2013-இல் எழுதியிருந்தார்கள்: இனச்சேர்க்கைக்காக எல்லை வைத்திருக்கும் ஆண் வெளிமான்கள் புழுக்கை குவிக்கும் இடங்களில் சீமைக்கருவேலம் கூடுதலாக முளைக்கிறது, தான் விரும்பும் புல்வெளிக்குள் அந்த மரம் நுழைய விலங்கே வழி செய்கிறது. நாங்கள் அதைத் தேடிப் படித்தது கன்றுகளைப் பார்த்த பிறகுதான். முதலிலேயே படித்திருந்தால் டிசம்பரிலேயே முறையாக எண்ணியிருக்கலாம். இருந்தாலும், என்னவென்று தெரியாத ஒன்றையும் படமெடுத்து எழுதி வைத்த பழக்கம் கைகொடுத்தது.

லத்தி, புழுக்கை இரண்டிலிருந்தும் எடுத்த விதைகளைக் கல்லூரித் தோட்டத்தில் தட்டுகளில் விதைத்தோம், ஒப்பீட்டுக்கு நெற்றோடு சில. விலங்கின் வயிற்றைக் கடந்துவந்த இரண்டு வகையும் முளைத்தன. நெற்றுக்குள்ளேயே இருந்தவை பின்தங்கின. தட்டுகள் குறைவு, விதைகளின் வயது சமமில்லை. குதிரை அதிகம் பரப்புகிறதா, மானா என்பதற்கு இதிலிருந்து விடை சொல்ல முடியாது. மாடுகளைப் பற்றியோ எங்களிடம் எதுவுமே இல்லை.

மாணவியின் எண்ணம் அதிகம் மாறியது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். தான் காக்க வந்த விலங்கும் குற்றத்தில் பங்குதாரர் என்பதை முதலில் வேதனையாக எடுத்துக்கொண்டார். சில நாள் கழித்துப் பேசியபோது, “குற்றம்ங்கிற பேச்சே இங்க பொருந்தாது சார். மானுக்குப் பசி, மரத்துக்கு விதை போகணும். ரெண்டும் அதது வேலையத்தான் செய்யுது” என்றார். காட்டைப் பற்றி ஒரு பருவத்தில் ஒருவர் இவ்வளவு கற்றுக்கொண்டால் போதும்.

ஆய்வேட்டில் எழுதியது, எழுதாதது

ஏப்ரலில் எழுதும் வேலை. எழுதியவை இவ்வளவே. கருவேலம் அண்டிய இடங்களை வெளிமான் குறைவாகப் பயன்படுத்துகிறது. மரமில்லாத வெளியை மட்டும் எடுத்துப் பார்த்தால், பிப்ரவரி வரை குதிரை வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. குட்டைகளருகே குதிரையின் வருகை மானைத் தற்காலிகமாக விலக்குகிறது. வெளிமானின் புழுக்கைக் குவியல்களில் கருவேலக் கன்றுகள் முளைக்கின்றன.

குதிரையால் வெளிமான் குறைகிறது என்று எழுதவில்லை. குதிரையால் பாதிப்பில்லை என்றும் எழுதவில்லை. பற்றாக்குறை உச்சத்துக்குப் போகும் மே, ஜூன் மாதங்கள் ஆய்வில் இல்லாததால் இரண்டையும் சொல்ல உரிமையில்லை என்று தனிப் பத்தி சேர்த்தார். முன்பு வெளிவந்த ஆய்வோடு முரண்படுவதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அது கேட்ட கேள்வி வேறு, இது கேட்டது வேறு.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராகவே கேட்டார்: “குதிரைகளை அங்கிருந்து அகற்றலாமா, வேண்டாமா?” மாணவியின் பதில்: “என் தரவில் அதற்கு விடை இல்லை, ஐயா. அகற்றுவதென்று வனத்துறை முடிவெடுத்தால், அகற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடங்களில், ஒரே மாதங்களில் மானைக் கணக்கெடுத்தால் விடை கிடைக்கும். கருவேலத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் அகற்றினால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே பார்க்கலாம்.” தேர்வாளருக்கு அதில் முழுத் திருப்தியில்லை; முடிவு தெளிவாக இல்லை என்று குறிப்பு எழுதினார். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. அந்தப் பதிலுக்கு மதிப்பெண் குறைந்தது நியாயமில்லை என்பது என் கருத்து. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு போடத் தெரிந்த மாணவருக்கு, பரபரப்பான முடிவைச் சொன்னவரைவிடக் குறைவாகக் கிடைக்கும் வரை, நம் கல்லூரிகளில் ஆய்வேடுகள் முடிவுகளை ஊதிப் பெருக்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு நடந்தது

அனுமதியின் நிபந்தனைப்படி ஆய்வேட்டின் படியை வனத்துறைக்குக் கொடுத்தோம். அதோடு மாணவி தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும், புழுக்கைக் குவியல்களின் வரைபடமும் தயாரித்து, களத்தில் உதவிய காவலர்களுக்குத் தனியாகக் கொடுத்தார். யாரும் கேட்காத வேலை. ஆனால் உடனே பயன் தந்தது அதுதான்.

சீமைக்கருவேலம் வேர்பிடித்து முற்றிவிட்டால் வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும்; இயந்திரம் வைத்து வேரோடு தோண்ட வேண்டும். 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்ன பிறகு தமிழ்நாடு முழுக்க நடந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். மழைக்குப் பின் ஈரமண்ணில் நிற்கும் சின்னக் கன்றையோ கையாலேயே பிடுங்கிவிடலாம். எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. புழுக்கைக் குவியல்கள் அதற்குப் பாதி விடை. அடுத்த பருவமழை முடிந்ததும், ரோந்து போகிற வழியில் குவியல்களில் கன்று தெரிந்தால் பிடுங்கிவிடுவதாகக் காவலர் தொலைபேசியில் சொன்னார். மான்கள் இனச்சேர்க்கைக்கு எல்லை பிடித்து நிற்கும் நேரத்தில் உள்ளே போக வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டார். இது எந்த அளவு பலன் தந்தது என்று யாரும் அளக்கவில்லை. அதனால் வெற்றி என்று சொல்ல மாட்டேன். மாணவி இப்போது வேறொரு மாநிலத்தில் புல்வெளிச் சூழலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதல் மாற்றம் காலம். கல்லூரிப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கோடியக்கரையில் போட்டி இருந்தால் அது தெரியவேண்டிய மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒரே இடத்தில், ஒரே முறையில், இரண்டு மாணவர்கள் தொடர் ஓட்டமாக ஓராண்டை முடிக்கும்படி திட்டமிட்டிருக்கிறோம். இரண்டாமவர் தொடங்கும் முன் முதலாமவரோடு சில நாட்களாவது சேர்ந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் விலங்குகள் மாறினவா, எண்ணுபவர் மாறியதால் எண் மாறியதா என்று தெரியாது.

களத்துக்குப் போகும் முன்பே மாற்று விளக்கங்களையும், ஒவ்வொன்றும் எந்தக் காட்சியால் பொய்யாகும் என்பதையும் எழுதி, தேதியிட்டு, துறையில் ஒப்படைக்கச் சொல்கிறோம். இதை இப்போது எல்லா மாணவர்களுக்கும் வைத்திருக்கிறோம். சிலர் கடமைக்கு எழுதுகிறார்கள். அப்படி எழுதியவர்களிடமும் பிற்பாடு அந்தத் தாளை எடுத்துக் காட்டிப் பேச முடிகிறது.

காவலருடனான உரையாடல் தற்செயலாக நடந்தது. இனி அது திட்டத்திலேயே இருக்கும்: முதல் வாரத்தில் அளவெடுப்பு எதுவும் இல்லாமல் காவலர்களோடும், மாடு மேய்ப்பவர்களோடும் நடப்பது, அவர்கள் சொல்லும் விளக்கத்தைப் பெயர் குறிக்காமல் பதிவது, ஆய்வேட்டில் அந்தப் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது. நன்றியுரையில் ஒரு வரி போட்டுவிட்டு, கருதுகோள் நம் மூளையில் உதித்தது போல எழுதுவது நேர்மையாகாது.

விட்டுப்போனவற்றில் பெரியது மாடு. கோடியக்காடு, கோடியக்கரை ஊர் மாடுகளும் அதே புல்லை மேய்கின்றன, அதே நெற்றைத் தின்கின்றன. குதிரை கண்ணுக்கு வித்தியாசமாகப் பட்டதால் அதை எண்ணினோம். மாடு பழகிய விலங்கு என்பதால் எண்ணவில்லை. அடுத்து வரும் மாணவரின் படிவத்தில் மாட்டுக்கும் ஒரு கட்டம் சேர்த்தாயிற்று.